தலைமுழுகாமல் தள்ளி நிற்பது: குடிநோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"கூடப் பொறந்துட்ட, தாங்கித்தான் ஆகணும்" என்பார்கள். இல்லாவிட்டால், "அவனைத் தலைமுழுகிட்டு உன் பொழப்பைப் பாரு" என்பார்கள். எங்கள் சொந்தத்தில் இந்த இரண்டைத் தவிர வேறு யோசனையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் தம்பி குடிக்கத் தொடங்கி 16 வருடம் ஆகிறது. அதில் 9 வருடம் தாங்கினேன். ஒரு வருடம் தலைமுழுகினேன்: அவன் போனை எடுக்கவில்லை, பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, எதிரே வந்தால் தெருவை மாற்றினேன். தாங்கியபோதும் குடித்தான், தலைமுழுகியபோதும் குடித்தான். எனக்கு இரண்டு காலத்திலும் தூக்கம் இல்லை. பாசத்தை வைத்துக்கொண்டே அவன் குடியிலிருந்து மட்டும் தள்ளி நிற்க முடியும் என்பதை அதற்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். அதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் குடிப்பது கணவராக, மகனாக, அப்பாவாக இருக்கலாம். பெரும்பாலான படிகள் எல்லோருக்கும் பொருந்தும்.

படி 1: நோய் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவுக்கு அடிமையாதலும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மது, போதைப் பொருளோடு சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

இதைப் படித்தாலும் மனம் ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. "ஐயப்பனுக்கு மாலை போட்டா ஒரு மண்டலம் தொடாம இருக்கானே, அப்போ நெனைச்சா முடியும்தானே?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பலராலும் சில வாரம் நிறுத்த முடியும். நிறுத்திய இடத்திலேயே நிற்க முடியாமல் போவதுதான் இந்த நோய். வருடக்கணக்கான குடி மூளையில் ஆசை, பழக்கம், மன அழுத்தம் ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளை மாற்றிவிடுகிறது. மாலையைக் கழற்றிய அன்றே முதல் குவார்ட்டர் உள்ளே போவதற்கு அதுவும் ஒரு காரணம். அவன் சத்தியம் செய்தபோது பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவன் மனமாரத்தான் சொல்லியிருக்கிறான். அதைக் காப்பாற்றும் பலம்தான் அவனிடம் இல்லை.

நோய் என்று ஏற்றால் இன்னொன்றும் தானாக விலகும். "பொண்டாட்டி சரியில்ல, அதான் குடிக்கிறான்" என்று என் அம்மா பல வருடம் சொன்னார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக நடக்கும் அல்-அனான் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: இதை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் கட்டுப்படுத்த முடியாது, உங்களால் குணப்படுத்தவும் முடியாது. முதல் பகுதியை என் தம்பி மனைவியிடம் சொன்ன அன்று அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பத்து வருடமாக அவளிடம் யாருமே அதைச் சொல்லவில்லை.

படி 2: உயிருக்கு ஆபத்தான மூன்று தவறுகளைச் செய்யாதீர்கள்

மற்ற படிகளை விட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

தினமும் அதிகமாகக் குடிப்பவரை அறைக்குள் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வது போலத் தெரியும், வீட்டு ஆட்களை அடையாளம் தெரியாது, காய்ச்சலும் வியர்வையுமாகக் கிடப்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கிறது என்றால் அந்த ஆள் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108. கஞ்சா, மாத்திரை, ஊசி என்று வேறு பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

இரண்டாவது, "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் பொடியும் மாத்திரையும். டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். அது தெரிந்தே, சம்மதித்தே, மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டிய மருந்து. ரசத்தில் கலந்து கொடுத்தால் உயிரே போகலாம். பெயர் போடாத பொடியில் என்ன இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, போதையில் நினைவின்றிக் கிடப்பவரை "கெடக்கட்டும்" என்று மல்லாக்க விட்டுப் போவது. வாந்தி மூச்சுக்குழலில் ஏறினால் முடிந்தது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பினாலும் அசைவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தள்ளி நிற்பது என்று நான் சொல்வதில் இதைச் செய்யாமல் விடுவது சேராது.

படி 3: நீங்கள் அவருக்காகச் செய்வதை எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் கடந்த ஒரு மாதம் செய்ததை எல்லாம் எழுதுங்கள். என்னுடைய பட்டியலில் இருந்தவற்றில் சில: வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று பொய் சொன்னது. பெட்டிக்கடைக் கடனை அடைத்தது. தெருவில் விழுந்து கிடந்தவனை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தது. வண்டியை மீட்டது. மறுநாள் காலை யாரும் பேசுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் மன்னிப்புக் கேட்டது. சோறு கொடுத்தது. மஞ்சள் காமாலை வந்தபோது மருத்துவமனையில் கூட இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இது என் தம்பிக்குப் போகிறதா, அவன் குடிக்குப் போகிறதா? சோறும் மருத்துவமனையும் தம்பிக்கு. ஆட்டோ அன்றைக்கு மழையாக இருந்ததால் தம்பிக்கு. காய்ச்சல் பொய், கடன், வண்டி, பக்கத்து வீட்டு மன்னிப்பு எல்லாம் குடிக்கு. இவற்றைச் செய்ததால் அவன் குடியின் விளைவு எதுவும் அவனிடம் போய்ச் சேரவே இல்லை. எல்லாம் வழியில் என்னிடமே நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தாங்காது. ஒன்றை எடுங்கள். நான் முதலில் காய்ச்சல் பொய்யை நிறுத்தினேன். அன்றைக்கு அவனுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. எனக்குக் கை கால் உதறியது. இரண்டாவது முறை அவ்வளவு உதறவில்லை.

படி 4: பணம், நகை, கையெழுத்து

பாசத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தில்தான் வீடுகள் போகின்றன.

கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள். பசி என்றால் சோறு, மருந்து என்றால் மருந்துக் கடைக்கே போய் வாங்கிக் கொடுங்கள், பிள்ளைகளின் ஃபீஸ் என்றால் பள்ளியிலேயே கட்டுங்கள். வீட்டுப் பெண்களின் நகை வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான இடத்திலோ இருக்கட்டும். ஏடிஎம் ரகசிய எண்ணை மாற்றுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில் வாங்கி, குடிக்கும் கணவர் கைக்குப் போவது எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் நடந்திருக்கிறது. தவணை கட்டுவது அந்தப் பெண்கள்தான். வீடு, நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் அம்மாக்கள். நீங்கள் எவ்வளவு உறுதியாக நின்றாலும் அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து 200 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். என் அம்மா முதியோர் உதவித்தொகையையே கொடுத்துக்கொண்டிருந்தார். சண்டை போட்டுப் பார்த்தேன், பயனில்லை. பிறகு வேறு விதமாகக் கேட்டேன்: "அவனுக்கு ஏதாவது செய்யணும்னுதானே உனக்கு ஆசை? காலையில ரெண்டு இட்லி வச்சுக் கொடு. காசு வேணாம்." கை நிறுத்தத் தெரியாத அம்மாவுக்குக் கொடுக்க வேறொன்று வேண்டியிருந்தது. இப்போதும் சில சமயம் ரகசியமாகக் கொடுக்கிறார். முன்பு போல இல்லை.

படி 5: எல்லையைச் சொல்லுங்கள், மிரட்டாதீர்கள்

"இனிமே குடிச்சா நான் செத்துருவேன்" என்பது மிரட்டல். அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், நடக்காது. எல்லை என்பது நீங்கள் செய்யப் போவதைச் சொல்வது. அவரை எதையும் செய்யச் சொல்வதில்லை. நிச்சயமாகச் செய்யக்கூடியதை மட்டும் சொல்ல வேண்டும்.

போதையில் இருப்பவரிடம் பேசாதீர்கள். அன்றைக்கு அழுது கால் பிடித்துச் செய்யும் சத்தியமும் கணக்கில் இல்லை. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன், அவர் டீ குடித்துக் கொஞ்சம் தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, தனியாக, ஐந்து நிமிடத்துக்குள் பேசுங்கள். பழைய கதை எதையும் எடுக்காதீர்கள். நான் சொன்னது இதுதான்:

"உன்மேல எனக்குப் பாசம் போகலடா. ஆனா குடிச்சிட்டு வந்தா கதவு திறக்க மாட்டேன். புள்ளைங்க பயப்படுதுங்க. குடிக்காம எப்ப வந்தாலும் சோறு இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தோணுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட போன் பண்ணு, வரேன்."

அவன் என்னைக் கேவலமாகப் பேசிவிட்டுப் போனான். பத்து நாள் கழித்துக் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். திறக்கவில்லை. "எல்லாரும் பாருங்க, எங்க அக்கா என்னை வெளிய நிக்க வச்சிருக்கா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன். முதல் சில வாரம் ரகளை இப்படித்தான் கூடும். எல்லை உண்மையா என்று தள்ளிப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில் ஒரு தடவை திறந்தாலும், எவ்வளவு நேரம் கத்தினால் திறக்கும் என்பதைத்தான் கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்றால் கதவை மூடுவது நடக்காது. அவர் குடித்து வந்ததும் நீங்களும் பிள்ளைகளும் வேறு அறைக்குப் போவது, பதில் பேசாமல் இருப்பது, அவருக்காக விழித்திராமல் சாப்பிட்டுப் படுப்பது, இவையே எல்லைதான். பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும்: "மாமாவுக்கு ஒரு நோய் இருக்கு, அது உன்னால வரல."

படி 6: அடி விழும் வீடாக இருந்தால்

மேலே சொன்ன எதையும் தனியாகச் செய்யாதீர்கள். முதலில் பாதுகாப்பு. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரே வீட்டில் வாழும் அம்மாவும் சகோதரியும்கூட அதன்கீழ் பாதுகாப்பு கேட்கலாம். மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். அடிப்பது நோயின் அறிகுறி, பொறுத்துக்கொள் என்று சொல்லும் பெரியவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

படி 7: தெளிவாக இருக்கும் நேரத்தில் அருகில் போங்கள்

நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். குடித்தால் வீடே அவரைச் சுற்றி நிற்கும்: திட்டு, அழுகை, கெஞ்சல். குடிக்காத நாளில் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்போம்.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் குடும்பத்தாருக்காக உருவாக்கிய கிராஃப்ட் என்ற பயிற்சிமுறை இதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. குடிக்காத நேரத்தில் கூட உட்காருங்கள், பிடித்ததைச் சமையுங்கள், "இன்னைக்கு நீ இப்படி இருக்கறது நல்லா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடித்ததும் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். சண்டை போட்டு இழுப்பதைவிட இந்த வழியில் சிகிச்சைக்கு வருபவர்கள் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு மீன் குழம்பு வைப்பது சுலபமில்லை.

படி 8: அவர் "போகலாம்" என்று சொல்லும் நாளுக்குத் தயாராக இருங்கள்

அந்தச் சொல் வரும். பெரும்பாலும் ஏதாவது அவமானத்துக்கு மறுநாள் காலையில் வரும், மாலைக்குள் போய்விடும். அதனால் எங்கே போவது, யார் கூடப் போவது, பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

செலவுக்கு வழியில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடியில் இழந்தவர் அவர். அங்கே குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி மையம் உண்டு.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் பதிவுச் சான்று கேளுங்கள். மருத்துவர் உண்டா, வீட்டார் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆளை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறோம், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள் என்பவர்களிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது.

நடுக்கம் தீர்ந்து உடம்பு தேற ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆசையைக் குறைக்கும் மருந்துகள், ஆலோசனை, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போகும். இடையில் மறுபடி விழலாம். அடிமைப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு கட்டத்தில் மறுபடி தொடுகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப் பழக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். என் தம்பி ஐந்து மாதம் நிறுத்தி, ஒரு தீபாவளியில் விழுந்தான். அந்த ஐந்து மாதத்தை நான் வீண் என்று எண்ணவில்லை. அவன் யார் என்று என் பிள்ளைகள் அப்போதுதான் பார்த்தார்கள்.

"ஒரு கல்யாணம் பண்ணி வச்சா திருந்திடுவான்" என்று மட்டும் எந்த வீட்டிலும் செய்யாதீர்கள். வேறொரு வீட்டுப் பெண் மருந்தாக முடியாது.

படி 9: மன்னிப்பு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எல்லை இல்லாமல் மன்னித்தால் அது சும்மா விட்டுக்கொடுத்தலாகிவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மன்னித்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் மனதில் அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் 1934இல் குடியை நிறுத்தினார். வருடக்கணக்கில் வேலைக்குப் போய் அவரைத் தாங்கியவர் மனைவி லோயிஸ். கணவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், "கூட்டத்துக்கு நேரமாச்சு, கிளம்பு" என்று அவர் சொன்னதும் லோயிஸ் ஆத்திரத்தில் தன் செருப்பைத் தூக்கி எறிந்தார். நினைத்தது நடந்த பிறகு ஏன் இந்தக் கோபம் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில் பிறந்ததுதான் குடும்பங்களுக்கும் உதவி வேண்டும் என்ற எண்ணம். 1951இல் அது அல்-அனான் அமைப்பானது. இதை முதலில் கேட்டபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் நிறுத்திவிட்டால் உங்கள் கோபமும் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு உங்கள் பக்கம் தனியாக வேலை இருக்கிறது.

செய்ய வேண்டியதில் முதலாவது, இழந்ததை ஒவ்வொன்றாக எழுதுவது. பொதுவாக "என் வாழ்க்கையே போச்சு" என்று எழுதினால் எதையும் மன்னிக்க முடியாது. என் பெரியவளுக்குக் காது குத்தும் அன்று தாய்மாமன் மடி வேண்டும். அவன் குலதெய்வக் கோயில் வாசலில் போதையில் கிடந்தான். சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். இப்படி எழுதினேன். தேதியோடு.

இரண்டாவது, மன்னிப்பையும் நம்பிக்கையையும் பிரித்து வைப்பது. காது குத்தை மன்னிக்கலாம். ஏடிஎம் கார்டைக் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, என் பக்கத்துக் கணக்கு. "நீ செத்தாத்தான்டா அம்மாவுக்கு நிம்மதி" என்று ஒருநாள் சொல்லியிருக்கிறேன். அதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் குடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே.

அவர்கள் மன்னிப்புக் கேட்டு வரும் நாள் ஒன்று உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் 12 படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் அதைப் பற்றியவைதான். அப்போது வாய் தவறிக்கூட "பரவாயில்ல" என்று சொல்லாதீர்கள், நிஜமாகவே பரவாயில்லை என்றால் ஒழிய. "சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். எனக்கு இன்னும் வலிக்குது. நீ சொன்னது நல்லது" என்றேன். அவன் தலையாட்டினான்.

எவ்வளவு நாளில் மன்னிப்பது என்று யாரும் உங்களுக்குக் கெடு வைக்க முடியாது. நீங்களும் மற்றவருக்கு வைக்காதீர்கள். நான் பட்டது வேறு, தம்பி மனைவி பட்டது வேறு. "நீதான்மா பொறுத்துப் போகணும்" என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி" என்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை.

போன மாதம் பெரியவள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மாமா எங்கம்மா இதுல?" என்றாள். முன்பெல்லாம் ஆல்பத்தைப் பிடுங்கி வைத்துவிடுவேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கோயில் வாசலில் கிடந்ததைச் சொன்னேன். நோயைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவன் தெளிவாக வந்தான். சாப்பாடு போட்டேன். இரண்டாம் தடவை சோறு கேட்டான், பெரியவள்தான் எழுந்து போய் வைத்தாள்.